குடிலில் இல்லாத அன்னாளைத் தாராவியில் பார்த்தேன்

மும்பையில் கிறிஸ்துமஸ் குடில்கள் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிசம்பர் மூன்றாம் வாரம் போய்வந்தேன். அண்ணனிடமும் குடில் பார்க்கத்தான் போகிறேன் என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவன் மகள் ஜெபா. மும்பை செம்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு மராட்டிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டான். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். "ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. நம்ம வீட்டுல யாராவது வந்தா நல்லாருக்கும் அத்தை" என்று போனில் சொன்னாள். தாய் வீட்டு ஆள் இல்லாமல் என்ன வளைகாப்பு? (எங்கள் சபையில் இதற்கெல்லாம் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.)

திருநெல்வேலியிலிருந்து ஒன்றரை நாள் ரயில். காலையில் தாதரில் இறங்கி, லோக்கலில் மாட்டுங்கா, ஐந்து ரூபாய். அங்கிருந்து தமிழர் கடைகள் இருக்கும் கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்துவிடலாம். இட்லியும் காபியும் நம்மூரைவிட நன்றாக இருந்தன, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மல்லிகைப்பூவும் கண்ணாடி வளையல் மூன்று டஜனும் வாங்கினேன்.

போகிற வழியில் ஒரு தேவாலயத்தில் குடில் பார்த்தேன். மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள், ஞானிகள், ஒட்டகம்கூட உண்டு. எலிசபெத்தும் அன்னாளும் இல்லை. ஞாயிறு பள்ளியில் வருடக்கணக்காகக் கிறிஸ்துமஸ் பாடம் எடுக்கும் நானே இவர்களை இரண்டு வரியில் தாண்டிவிடுவேன். கர்ப்பிணி மரியாள் வாசலில் வந்து நின்றபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டவள் எலிசபெத்து. ஜெபாவுக்கு நான்தான் எலிசபெத்து என்ற பெருமையோடு டாக்சி ஏறினேன்.

ஜெபா குடியிருக்கும் தாராவிக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர், எழுபது ரூபாய். "அந்தர் காடி நை ஜாயேகா, அம்மா" என்று டிரைவர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டார். சந்துக்குள் வண்டி போகாதாம்.

வழி கேட்பதற்குள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். "ஜெபா அத்தைதான? வாங்கக்கா. மொதல்ல சாப்புடுங்க, பொறவு பேசலாம்." பை வாங்கிய கைகளில் வளையல் இல்லை. கீழ்வீட்டு லெச்சுமி. கல்யாணமான புதிதில் தங்க இடமில்லாமல் நின்ற இரண்டு பேரையும் தன் மாடி அறையில் ஏற்றியவள். மசக்கைக்கு ரசம் வைத்துக் கொடுத்ததும், அன்று ஐந்து வகைச் சோறு ஆக்கியதும் அவள்தான். எலிசபெத்து வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது! என் பெருமை புஸ்ஸென்று போனது.

மாடியில் ஜெபா மணையில் உட்கார்ந்தாள். நான் வளையலை எடுத்தேன். அவள் கையை நீட்டவில்லை.

"லெச்சுமி அக்கா மொதல்ல போடட்டும், அத்தை."

லெச்சுமி படியைவிட்டு ஏறவே இல்லை. "கூறுகெட்டவளே, நான் தாலியறுத்தவ. தொடக் கூடாதுட்டி."

எனக்கு அன்னாள் ஞாபகம் வந்தாள். அவளும் புருஷனை இழந்தவள், தேவாலயமே கதியென்று கிடந்த கிழவி. குழந்தை இயேசுவை அங்கே கொண்டுவந்த அன்று அவளை யாரும் ஒதுங்கி நிற்கச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி எல்லாருக்கும் சொன்னதே அவள்தான். இதை லெச்சுமியிடம் சொன்னேன்.

"அது உங்க சாமி கதைக்கா. நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான சொல்லுவாவ?"

அவள் கண் கலங்கிவிட்டது. கதை சொல்ல எனக்கென்ன, பழி விழுவது அவள் தலையில் அல்லவா.

"சொன்னா என்னையச் சொல்லட்டும். தாய் வீட்டு ஆளு நான். நான் கூப்பிடுதேன், வாட்டி" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வந்தாள். ஜெபாவுக்கு முதல் வளையலை அவள்தான் ஏற்றினாள். ஜெபா அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

போட்டோவை அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். இன்னும் பதில் இல்லை.

விசுவாசம் என்று பாடம் நடத்துவது சுலபம். பழிக்குப் பயந்துகொண்டே கையை நீட்டினாளே லெச்சுமி, அதை எந்த வகுப்பில் நடத்துவது என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறுகளில் தண்டவாள வேலைக்காக லோக்கல் ரயிலை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் இருக்கும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். குடில்களை இருட்டிய பிறகு பாருங்கள், விளக்குகள் அழகு. வளையல் வாங்கினால் பெரிய அளவிலும் ஒரு டஜன் வாங்குங்கள். வளைகாப்புக்கு வந்த பெண்கள் எல்லாருக்கும் போடுவது முறை. நான் சின்ன அளவே வாங்கிப் போனதால், லெச்சுமிக்குச் சோப்புப் போட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது.