சக்கரக்கா ஏன் பதக்கம் வாங்கவில்லை

இன்றைக்கு நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? நாட்டின் பெரிய விருதை "வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்ட அந்த அம்மாவை! பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்ததே, அவரேதான். அக்கா குழந்தையின் தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாட்டலாம் என்றுதான் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், சலவைக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே ஒரு பட்டறை. பத்து நிமிட வேலை. வெளியே வரும்போது மூன்று மணி நேரம் ஓடியிருந்தது. வந்த சூட்டோடு தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் சக்கரக்கா. முப்பத்தோரு வருடமாகச் சக்கர நாற்காலி செய்கிறார், பழுது பார்க்கிறார். சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. நான்கு உருளை வைத்த தாழ்வான பலகையில் உட்கார்ந்து, பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சர்ரென்று வழுக்கிப் போகிறார். ஸ்பேனர், பம்பு, ஆரக்கம்பிக் கட்டு எல்லாமே முழங்கால் உயரத்தில்தான் தொங்குகின்றன. நான் குனிந்து குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தார்.

"உயரமானவங்களுக்கு இங்க வசதி கிடையாது தம்பி. வேணும்னா ஒரு மனு எழுதிப் போடுங்க."

ஜன்னலோரம் தையல் மெஷினில் இருக்கைத் துணி தைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர். அவருக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் கணக்கு வாத்தியார். மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறார். இன்று பள்ளி விடுமுறை என்பதால் காலையிலேயே வந்துவிட்டாராம். விருது வேண்டாமென்று போனதற்குக் காரணமே இந்த வாத்தியார்தான். இல்லையில்லை, இந்த வாத்தியார் உட்கார்ந்திருந்த நாற்காலி!

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த நாற்காலி உடனே வெளியே போகாது. ஒரு பகல் முழுக்க அக்கா அதிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். எங்கேயாவது கீச்சென்றால், லேசாக ஒரு பக்கம் இழுத்தால், மறுபடியும் கழற்றிவிடுவார். சில மாதங்களுக்கு முன் வாத்தியாரின் நாற்காலி ஒரு திங்கட்கிழமை தயாராகிவிட்டது. வழக்கப்படி அக்கா ஏறி உட்கார்ந்தார். சாயங்காலம் வலது சக்கரத்தில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். உடனே முழு நாற்காலியையும் பிரித்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, வாத்தியாருக்கு மறுபரிசோதனை நாள்.

அது என்ன என்று தெரியாதவர்களுக்கு: புது விதிப்படி, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, குறித்த தேதியில் நேரில் போய், ஊனம் இன்னும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். வராதவர் பெயர் 'குணமடைந்தவர்' பட்டியலில் போய்விடும்.

"எனக்கும் நடந்துச்சு தம்பி," என்றார் அக்கா. "போன வருஷக் கால்தானா இதுன்னு கேட்டாரு அந்த ஆபீசரு. ஆமா சார், மாத்துறதுக்கு நேரம் கிடைக்கலன்னேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் வாத்தியாரின் நாற்காலி நாற்பது துண்டாக மேஜைமேல் கிடந்தது. இரவல் நாற்காலிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. முதல் நாளே வாத்தியார் தேதியைச் சொல்லித்தான் இருந்தார். அந்த 'டிக் டிக்'கில் அக்காவுக்கு அது அடியோடு மறந்துவிட்டது. வாத்தியார் அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார்.

"சார், என் நாற்காலி ரிப்பேர்ல இருக்கு. இன்னிக்கு வர முடியாதுன்னேன். அப்படியா, அப்போ வர முடியாதுன்னு நேர்ல வந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னாங்க!"

சொல்லிவிட்டு வாத்தியாரே விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாம் நாள் அவர் போனுக்குச் செய்தி வந்ததாம்: தாங்கள் குணமடைந்தவர் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளீர்கள், வாழ்த்துகள்.

"கவர்மென்டே சொல்லுதே, சரியாத்தான் இருக்கும்னு எந்திரிச்சுப் பார்த்தேன். ம்ஹூம்."

சிரிப்பு அதோடு நின்றது. சான்றிதழ் இல்லையென்றால் சாய்தளம் வைத்த வேன் அவரை ஏற்றாது. வேன் இல்லையென்றால் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்குப் போக வழியில்லை. நாற்பது நாள் விடுப்பு கொடுத்தார்கள். அதற்குள் வராவிட்டால் கணக்குப் பாடத்துக்கு வேறு ஆள். இருபத்திரண்டு வருட வேலை! அக்கா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்று கணவர் சொன்னார்.

"பேசாம இருந்தது எனக்கு நிம்மதிதான். ஆனா வேலையும் செய்யல. அதான் பயந்துட்டேன்."

"ஏங்க, வெளியாளு முன்னாடியா?" என்று அக்கா ஒரு துணிப்பந்தைத் தூக்கி எறிந்தார். குறி தப்பவில்லை.

விருதுக் கடிதம் வந்தது அந்த வாரத்தில்தான்! 'முப்பத்தோரு ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு' அவர் செய்த சேவைக்காக. கணவருக்குத் தலைகால் புரியவில்லை. இருக்கைக்கு வாங்கிய நீல வெல்வெட்டில் மிச்சம் பிடித்து, பதக்கம் வைக்க ஒரு பெட்டியே தைத்துவிட்டார். இப்போது அதில் ஊசி வைத்திருக்கிறார், நானே பார்த்தேன்.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அளவு நோட்டை எடுத்திருக்கிறார். யார் யாருக்கு எந்த அளவில் நாற்காலி செய்தோம் என்று எழுதி வைத்த நோட்டு. (வாத்தியாருடைய பக்கத்தை அக்கா எனக்குக் காட்டினார்: 'இடுப்பு பதினெட்டு அங்குலம். வாய் அளவெடுக்க முடியவில்லை.') அதில் இருந்த எண்களுக்கு மூவரும் வரிசையாகப் போன் போட்டார்கள். அறுபத்து நான்கு பேர் எடுத்தார்கள். அதில் பதினெட்டு பேர், வாத்தியாரோடு சேர்த்துப் பத்தொன்பது பேர், 'குணமடைந்தவர்கள்'! ஒருவர் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாராம். இன்னொருவருக்குப் பார்வை கிடையாது, தேதி குறித்த கடிதம் பொடி எழுத்தில் தபாலில் வந்திருக்கிறது.

நான்கு வாரம் கழித்து விருதுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர் என்று மூவருமே சொன்னார்கள். வாத்தியாரும் அன்று பட்டறையில்தான் இருந்தார், விடுப்பில் இன்னும் பத்து நாள்தான் பாக்கி. அக்கா பத்தொன்பது பேர் கதையையும் சொன்னார். அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், விதியை நான் மாத்த முடியாது. ஆனா விழா நல்லபடியா நடக்கணும்னு மேல எல்லாரும் நினைக்கிறாங்க. நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க. நம்ம வாத்தியாரோட பேப்பரை நாளைக்கே சரி பண்ணித் தர்றேன். ஒரு ஆளுதானே, செஞ்சிரலாம்."

அக்கா பேனாவைக் கையில் வாங்கிவிட்டார்! இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பண்ண தப்பு தம்பி அது. தேதிய நான் மறந்ததுக்கு அவரு வேலை போகுது. மத்தவங்களுக்கு அப்புறம் எப்படியாவது போராடிக்கலாம்னு தோணிடுச்சு. பொய் சொல்லக் கூடாதுல்ல."

அப்போது வாத்தியார் நாற்காலியை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்திருக்கிறார்.

"அக்கா, பேனாவக் கீழ வைங்க."

"வாத்தியாரே, பத்து நாள்தான் இருக்கு."

"பத்தொம்பதுல ஒண்ணு போனா பதினெட்டு. இது கூடத் தெரியாம இருபத்திரண்டு வருஷமா என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்? நான் வேன்ல ஏறிப் போறப்ப, தெருமுனையில அதே லிஸ்ட்டுல இருக்கற ரேடியோ ரிப்பேர்க்காரரு உக்காந்து பார்த்துட்டே இருப்பாரு. அவருக்கு நான் என்ன பதில் சொல்றது, எங்கக்கா வாங்கிக் குடுத்தாங்கன்னா?"

கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "வேற வேலை கிடைக்கலன்னா இங்க பட்டன் தைக்க வந்துருங்க வாத்தியாரே," என்றாராம்.

"உங்ககிட்டயா மாமா? அதுக்கு நான் குணமாகியே போயிருவேன்!"

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். படிவம் வெறுமையாகத் திரும்பிப் போனது, கூடவே அக்கா எழுதிய கடிதம். நகலைக் கெஞ்சிக் கேட்டுப் படித்தேன். அப்படியே தருகிறேன்:

'ஐயா, நான் இரண்டாயிரம் மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய இன்னொரு இலாகாவோ அவர்களில் பலர் குணமாகிவிட்டதாகச் சொல்கிறது. நான் சக்கரம்தான் மாட்டினேன், யாரையும் குணப்படுத்தவில்லை. செய்யாத வேலைக்குப் பரிசு வாங்கிப் பழக்கமில்லை. நேரில் வராதவரெல்லாம் நலம் என்று சொல்லும் விதியை எடுத்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.'

சிரித்துக்கொண்டே இரண்டு முறை படித்தேன்.

இந்தக் கடிதம்தான் பேப்பரில் நாலு வரியாக வந்தது. மறுநாளே இலாகாவிடமிருந்து ஓர் அறிவிப்பு: பட்டியலில் தவறாகச் சேர்க்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்யலாம், நேரில் போக வேண்டாம். உறவினர் அல்லாத இரண்டு பேர் அவரைக் கண்ணால் பார்த்து, சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். முதல் விண்ணப்பம் வாத்தியாருடையது. சாட்சிகள், பள்ளித் தலைமையாசிரியையும் வேன் ஓட்டுநரும். விடுப்பு முடிய ஒரு நாள் இருக்கும்போது சான்றிதழ் திரும்பி வந்தது. சலுகையாக இல்லை, எல்லோருக்கும் திறந்த அதே வழியில்!

"வேன் வந்து ஹார்ன் அடிச்சப்ப இந்தத் தெருவே வெளிய வந்துருச்சு," என்றார் வாத்தியார். "நான் இல்லாதப்ப தலைமையாசிரியை கணக்கு எடுத்திருக்காங்க. பசங்க என்னைப் பார்த்ததும் கை தட்டுனாங்க. என் மேல பாசமா, தப்பிச்சோம்னான்னு இன்னும் தெரியல."

விதி இன்னும் மாறவில்லை. அதனால் பதக்கமும் இன்னும் இலாகாவிடம்தான் இருக்கிறது. அந்த அதிகாரி வாரம் ஒருமுறை போன் செய்கிறாராம். "என்ன மேடம், மனசு மாறிடுச்சா?" என்று அவர் கேட்பார், "என்ன சார், விதி மாறிடுச்சா?" என்று அக்கா கேட்பார். அப்புறம் இரண்டு பேரும் குடும்ப விஷயம் பேசுவார்களாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். மிச்சமிருந்த பதினெட்டு பேரில் பதினொரு பேரின் விண்ணப்பம் போய்விட்டது. அதில் ஒன்றில் இன்று நானும் கையெழுத்துப் போட்டேன்: அந்த ரேடியோ ரிப்பேர்க்காரருடையதில். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், என் ஹெட்போனையும் சும்மாவே சரி செய்து கொடுத்தார். இன்னும் ஏழு பேர், ஆளுக்கு இரண்டு சாட்சி, ஆகப் பதினான்கு கையெழுத்து. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி இந்த மாதம் இருபத்தெட்டு. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஏழு பேரும் பட்டறைக்கு வருகிறார்கள். ரயில் நிலையத்தின் பின்வாசல் வழியாகப் போனால் இரண்டே நிமிடம். அடையாள அட்டையை மறக்காதீர்கள். வர முடியாதவர்கள் இதை வரக்கூடியவர்களுக்கு அனுப்புங்கள், இப்போதே.