எண்பது கிலோவுக்கு ஒரு சக்கரம்

பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்திவிட்டு நம் காலரை நோக்கிக் கை நீட்டுவார். அங்கே ஒரு நூல் தொங்கிக்கொண்டிருக்கும். இழுத்தால் தையல் பிரிந்துவிடும் என்பதால் இழுக்க மாட்டார். குனிந்து பல்லால் கடித்து எடுத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். எனக்கு முதல் தடவை இப்படி நேர்ந்தபோது பின்வாங்கிவிட்டேன். "பயப்படாதீங்க தம்பி, டெய்லர் கடிச்சா விஷம் ஏறாது" என்றார்.

அவருடைய தையல் கடை எங்கள் சைக்கிள் கடைக்கு எதிர்ச் சாரியில், பல் மருத்துவருக்கும் செல்போன் பழுது பார்ப்பவருக்கும் நடுவில் இருக்கிறது. மெஷினுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் ஒருவர் நிற்கலாம். அந்த ஒருவரும் குண்டாக இருந்தால் வாசலில் நிற்க வைத்துத்தான் அளவெடுப்பார். எங்கள் கடை என்று எழுதிவிட்டேன். அது என் கடை அல்ல. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதை வைத்து என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் இன்னும் பிடிபடவில்லை. பிடிபடும்வரை, அந்தக் கடையின் சாமான்களைப் பற்றி இணையத்தில் நாலு வரி எழுதிப் போடுவது என் வேலை.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் டெய்லர் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ரோட்டைக் கடந்து வருவார். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "புதுசா ஹப் ஏதாவது இறங்கியிருக்கா?"

ஹப் என்பது சக்கரத்தின் நடுவிலிருக்கும் உருளை. கம்பிகளெல்லாம் அதிலிருந்து புறப்பட்டுத்தான் வளையத்துக்குப் போகின்றன. டெய்லர் தனக்கென்று ஒரு சைக்கிள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். டிஸ்க் பிரேக் பூட்டுகிற மாதிரியான கரும்பச்சை ஃபிரேம் எங்கள் கடைச் சுவரில் தொங்குகிறது. ஹேண்டில், சீட், பின்னால் ஒரு கெட்டியான கேரியர் எல்லாம் பூட்டியாகிவிட்டது. சக்கரங்கள்தான் இல்லை. பெட்டியில் கட்டி வரும் சக்கரம் அவருக்கு ஆகாது. "நான் ரெடிமேட் சட்டை போடுறவனா? எனக்குன்னு கட்டிக் குடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

கட்டித் தருபவர் கடை முதலாளி. தெருவே அவரைப் 'பொறுமை' என்றுதான் கூப்பிடும். எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்று அடுத்தவரை அதட்டுவதால் வந்த பெயர். அவரிடம் அது மருந்துக்கும் கிடையாது.

"எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க அண்ணே?" என்று அவர் ஆரம்பத்திலேயே கேட்டார்.

"எல்லா ரோட்டுலயும்."

"தார் ரோடா, மண் ரோடா?"

"ரெண்டும்தான். நடுவுல மேடு இருக்கு. சரளைக்கல் இருக்கு. மழையும் வரும். பின்னாடி வீட்டுக்காரி உக்காருவா. அவ மடியில ஒரு பை இருக்கும், அதுல என்ன இருக்கும்னு எனக்கே தெரியாது."

"எல்லாத்துக்கும் ஒரே வண்டின்னா அது எதுக்கும் உருப்படியா இருக்காது அண்ணே. வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே துணியில தைப்பீங்களா நீங்க?"

"தைக்க மாட்டேன். ஆனா கேக்கறவங்க கேக்கத்தானே செய்வாங்க?"

அவர் சொன்ன ரோடு நிஜமான ரோடுதான். குன்றுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியின் அக்கா வீடு இருக்கிறது. பஸ் பாதி வழியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். மிச்சத்தைத் தலையில் அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அக்காவைப் பார்க்கப் போகலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம் இவருக்கு அவசரத் துணி ஒன்று வந்துவிடும்.

பிறகு பொறுமை எடையைக் கேட்டார். ஓட்டுபவர் எடையை வைத்துத்தான் எத்தனை கம்பி என்று முடிவு செய்ய வேண்டுமாம். டிஸ்க் பிரேக் என்றால் பிடிக்கிற பிடி வளையத்தில் விழாது, ஹப்பில் விழும். அந்த இழுப்பு முழுவதும் கம்பிகள் வழியாகத்தான் டயருக்குப் போகும். ஆளும் கனமாக இருந்தால் கம்பியைக் கூட்டியே ஆக வேண்டும்.

"எண்பது" என்றார் டெய்லர்.

"பின்னாடி உக்கார்ற அக்கா?"

"இடுப்பு, தோள், கை நீளம் எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். எடையை மட்டும் வெளிய சொன்னா என்னை ஒரேயடியா தைச்சுப்புடுவா."

பின் சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி என்று முடிவாயிற்று. ஹப்தான் முடிவாகவில்லை. பொறுமை வரிசையாக எடுத்து வைப்பார். டெய்லர் ஒவ்வொன்றையும் கையில் வைத்து எடை பார்ப்பார், சட்டை விளிம்பால் துடைப்பார், அச்சை விரலால் உருட்டி உள்ளே ஏதாவது உரசுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஒன்று லேசாக இருக்கிறது, நம்பிக்கை இல்லை என்பார். ஒன்று தண்ணீர் புகாது, ஆனால் பழுதானால் வழியில் யாரும் பிரிக்க முடியாது என்பார். கால் மிதிக்காதபோது சத்தமே போடாத ஒரு ஹப் இருந்தது. வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்பார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. "நான் வர்றது தெருமுனையிலயே வீட்டுக்குக் கேக்கணும். பூனை மாதிரி போய் நிக்கச் சொல்றீங்களா?"

ஒரு வழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார். அடுத்த முறை வந்து, "அதை வேண்டாம்னு வைங்க" என்பார். பிரித்துத் தைப்பது அவர் தொழிலில் உள்ளதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். பொறுமைக்கு ஆத்திரம் வந்துவிடும். "அண்ணே, இந்த ஜென்மத்துல கட்டுற மாதிரி ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

டெய்லர் சிரிப்பார். "அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஒரு நாள் பொறுமை வெளியே போயிருந்த சமயம் வந்தார். வாசல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஹப்பை உருட்டிக்கொண்டிருந்தார். துடைக்கச் சட்டை விளிம்பைத் தூக்கியபோது, உள்பக்கம், பக்கவாட்டுத் தையலுக்கு வெளியே, அதே போக்கில், ஊசி இறங்கிய பழைய துளைகள் ஒரு வரிசையாகத் தெரிந்தன. அதற்கும் வெளியே இன்னொரு வரிசை. நான் கேலியாகத்தான் கேட்டேன்.

"என்ன டெய்லர், உங்க சட்டையையே பிரிச்சுப் பிரிச்சுப் பழகுறீங்களா?"

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். "தெரியுதா?" என்றார். பிறகு, "துவைச்சா மறைஞ்சுடும்" என்றார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"எடை இறங்கிக்கிட்டே இருக்கு தம்பி. ஈரல்ல என்னமோ இருக்காம். டாக்டர் வீட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னாரு. வீட்டு ஆளு நான்தானேன்னேன். அவரு சிரிக்கல."

இத்தனை படித்தும் இந்த மாதிரி நேரத்தில் சொல்ல ஒரு வாக்கியம் கிடைப்பதில்லை. "வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"மத்தவங்க இளைச்சா சட்டை காட்டிக் குடுத்துடும். என் சட்டை என்னைக் காட்டிக் குடுக்காது. ஞாயித்துக்கிழமை அவ வேலையா இருக்கறப்போ கடையைத் திறந்து எல்லாத்தையும் கொஞ்சம் உள்ள பிடிச்சுத் தைச்சுடுவேன். பேன்ட்டையும்தான்." பெருமையாகச் சொல்வதுபோலத்தான் இருந்தது. "வண்டி முடியட்டும். அவ அக்கா வீட்டுக்கு அவளை உக்கார வச்சு ஓட்டிட்டுப் போயி, அங்க வச்சுச் சொல்லலாம்னு இருக்கேன். அக்கா பக்கத்துல இருந்தா தாங்கிக்குவா."

"அப்போ சீக்கிரம் ஒரு ஹப்பைச் சொல்லுங்களேன்."

"அதானே" என்றார். கையிலிருந்ததைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார். அன்றும் சொல்லவில்லை.

"பொறுமை அண்ணன்கிட்ட எடையை மாத்திச் சொல்லட்டுமா? இவ்வளவு கம்பி தேவைப்படாதே" என்று கேட்டேன்.

"எண்பதுன்னே இருக்கட்டும் தம்பி. நான் கொறச்சுச் சொன்னா சக்கரமும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அதன்பிறகு அவர் வரும்போதெல்லாம் நான் அவர் சட்டையைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது நியாயமா, வசதியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. பொறுமையோ பொறுக்க முடியாமல் ஒரு நாள் சத்தம் போடுகிற ஹப் ஒன்றைத் தானே எடுத்து, "இதுதான். இனிமே வாயைத் திறக்கக் கூடாது" என்று கட்ட உட்கார்ந்துவிட்டார். டெய்லர் தடுக்கவில்லை. கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போய்ப் பின்னிக்கொள்வதைப் பார்த்தபடி, டேப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றார்.

சக்கரம் முடிகிற நாளில் அவர் மனைவியும் வந்தார். எங்களுக்கு அவர் அக்கா. பள்ளி வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. குழந்தைகளை அதட்டியே பழகிய குரல்.

"அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு வந்தேன்" என்றார் அக்கா. "என்னைக் கட்டிக்கிறப்பக்கூட இவரு இவ்வளவு யோசிக்கல. ஒரே பார்வைதான், சரின்னுட்டாரு."

"அப்ப எனக்குப் பிரேக்கே கிடையாது" என்றார் டெய்லர்.

பொறுமை விழுந்து விழுந்து சிரித்தார். முன் சக்கரத்தை அவரே முடித்துச் சாய்த்து வைத்திருந்தார். பின் சக்கரத்தை மட்டும் தரையில் மரக்கட்டையின்மேல் படுக்க வைத்தார். கம்பிகளை முறுக்கும்போது அவையும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிற்கும். வளையத்தின் இரண்டு ஓரத்திலும் கை வைத்து உடம்புப் பாரத்தை இறக்கினால் அந்த முறுக்கு விட்டு 'டிக் டிக்' என்று சத்தம் வரும். சத்தம் வந்தபிறகுதான் சக்கரம் சக்கரம். ஓட்டப் போகிறவரையே அழுத்தச் சொல்வது பொறுமையின் வழக்கம்.

"வாங்க அண்ணே. உங்க பாரத்தை இதுக்குக் காட்டுங்க."

டெய்லர் மண்டியிட்டுக் கைகளை வைத்து அழுத்தினார். சத்தம் வரவில்லை.

"என்ன அண்ணே இது, பட்டுத் துணிக்கு இஸ்திரி போடற மாதிரி! எண்பது கிலோ ஆளு, நல்லா ஏறி அழுத்துங்க."

டெய்லர் சிரித்துக்கொண்டே எழுந்து, நின்றபடி குனிந்து மறுபடி அழுத்தினார். குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. தோள் நடுங்கியது. அவருடைய ஸ்டீல் சங்கிலிக் கடிகாரம் மணிக்கட்டு எலும்பைத் தாண்டி வழுக்கிப் புறங்கையில் வந்து விழுந்தது. சக்கரம் பேசாமல் கிடந்தது.

பொறுமை சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் என்னைப் பார்த்தார்; நான் சுவரைப் பார்த்தேன்.

"எண்பது கிலோவா?" என்று அக்கா கேட்டார். டெய்லர் தலையைத் தூக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தார்.

அக்கா தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தார். எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, அவர் கைகள்மேல் தன் கைகளை வைத்து, முழு உடம்பையும் இறக்கினார். 'டிக்' என்றது. பிறகு தொடர்ந்து நாலைந்து.

"வந்துடுச்சுக்கா, போதும்" என்றார் பொறுமை மெல்ல.

அக்கா ஒரு கையை மட்டும் எடுத்தார். புறங்கையில் கிடந்த கடிகாரத்தை ஒற்றை விரலால் மேலே தள்ளினார். அது மணிக்கட்டைத் தாண்டியது. அவர் தள்ளிக்கொண்டே போனார். முழங்கைக்குப் பக்கத்தில் போய்த்தான் அது நின்றது.