அகராதி அக்கா எனக்குத் தேடித் தந்த வார்த்தை

“பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா மந்தம்,” என்றார் மேலாளர்.

“யார் சொன்னா?” என்றார் அக்கா.

“யார் சொல்லணும்? மத்தவங்க ஒரு போனை வெச்சதும் அடுத்ததை எடுத்துடறாங்க. இவ ஒண்ணையே காதுல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

“சூட்டிகை இல்லன்னு சொல்லுங்க சார், ஒத்துக்கறேன். மந்தம்னு சொல்லாதீங்க. அது வேற.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

“அப்படிப் பாத்தா நீங்களும் நானும்கூட ஒண்ணுதான். சம்பளம் மட்டும் ஏன் சார் வேற?”

மேலாளர் சிரித்துவிட்டார். ஆனாலும், “மாசக் கடைசியோட அனுப்பிடலாம்னு இருக்கேன்,” என்றார்.

“மாசம் முடியட்டும். அதுவரைக்கும் என் பக்கத்துல உக்காரட்டும்.”

மரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது அழைப்பு எதுவும் வரவில்லை, என்னைப் பற்றிய பேச்சு முழுதும் எனக்குக் கேட்டது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

எங்களுடையது லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம். அலுவலகம் மூன்றாவது மாடியில். எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. புகாரைப் போனில் கேட்டுக்கொள்வது என் வேலை. எந்த மெக்கானிக்கை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது அக்காவின் வேலை. மெக்கானிக்குகள் அவரை ‘அகராதி அக்கா’ என்பார்கள். கொஞ்சம் கேலி, கொஞ்சம் பயம்.

‘புத்திசாலி’ என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. “என்ன புத்திசாலி? அதைச் சொல்லு” என்பார். எகிறிக் குதிக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சாதுரியம் உள்ளவரை அனுப்புவார். வந்து வந்து மறையும் பழுதுக்கு நுட்பம் உள்ளவரை. உதிரிபாகம் வாங்க விவரம் தெரிந்தவர், ஏமாற மாட்டார். தந்திரக்காரர் ஒருவரும் இருந்தார். “அவனுக்கும் மூளை உண்டு, எனக்கும் கண்ணு உண்டு” என்று சொல்லி, உதிரிபாக அறையின் சாவியை மட்டும் அவர் கையில் தர மாட்டார்.

இந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டுக்கு ‘ராக்கெட்’ என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக்கை அனுப்பியிருக்கிறார். அவர் மெயின் சுவிட்சை அணைக்காமலே கண்ணிமைக்கும் நேரத்தில் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். உள்ளே இருந்த பெண்மணி அப்போதுதான் வெளியே கால் வைக்கிறார், லிஃப்ட் நகர்ந்துவிட்டது. செருப்போடு போயிற்று. “சூட்டிகை வேற, விவேகம் வேறன்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. அனுப்பினது நான்தானே?” என்பார்.

நான் பள்ளியில் ஒரு மொழி, கல்லூரியில் இன்னொரு மொழி என்று படித்தவள். எதையும் சொல்வதற்கு முன் இரண்டிலும் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அதற்குள் எதிரில் இருப்பவர் பேசி முடித்திருப்பார். இந்த வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று மட்டும் எந்த மொழியிலும் எனக்கு வரவில்லை.

மாதம் முடியும் தறுவாயில் ஒரு காவலாளி கூப்பிட்டார். “லிஃப்ட் நின்னுடுச்சுங்க. உள்ள ஒருத்தர்தான். ஏதோ பேசிக்கிட்டுதான் இருக்காரு, அவசரமில்ல. மெதுவா அனுப்புங்க,” என்றார். நான் போனை வைக்கவில்லை. அவர் குரலுக்குப் பின்னால் வேறொரு குரல், நான் கல்லூரியில் படித்த மொழியில், விட்டு விட்டுக் கேட்டது. “அண்ணே, போனைக் கதவு இடுக்குல வைங்க,” என்றேன். உள்ளே இருந்தவருக்கு மூச்சு இரைத்தது. மருந்து கீழே காரில் இருக்கும் மனைவியிடம் இருக்கிறது என்றார். காவலாளிக்கு அதில் ஒரு சொல்லும் புரிந்திருக்கவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே இன்னொரு போனை எடுத்திருந்தார். பக்கத்துத் தெருவில் இருந்தது ராக்கெட்தான். “முதல்ல மெயினை ஆஃப் பண்ணு. அப்புறம் மூளையை ஆன் பண்ணு. ஓடு,” என்றார். காவலாளியை விட்டு மனைவியை மேலே கூட்டிவரச் செய்தேன். கதவு திறக்கும்வரை உள்ளே இருந்தவரோடு பேசிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நேரம் நான் யாரோடும் பேசியதில்லை. அவர் நடந்தே காருக்குப் போனார் என்று ராக்கெட் சொன்னார்.

அக்கா எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். “சார், சூட்டிகையா இருந்திருந்தா அந்தப் போனை அப்பவே வெச்சிருப்பா. இதுக்குப் பேரு நுட்பம்.”

“சரிம்மா, இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் மேலாளர்.

நான் இருந்துவிட்டேன். இன்றும் அதே நாற்காலிதான். என்னைப் பற்றி யாரோ சொன்ன சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எனக்குப் பொருந்தும் ஒன்றைத் தேடிவைத்தவர் அக்கா. நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் “போனைப் பாரு” என்று விரட்டினார்.

ஒரு மாலை வேலை முடிந்து படியிறங்கும்போது வளைவில் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், கைப்பிடியைப் பார்த்தபடி கேட்டார்.

“என் பொண்ணும் உன்னை மாதிரிதான், வாயே திறக்க மாட்டா. ஊருக்கெல்லாம் வார்த்தை வெச்சிருக்கேன். கோவம் வந்தா அவளை மட்டும் மக்குன்னுதான் திட்டறேன். நேத்து அவளே தன்னை அப்படிச் சொல்லிக்கிட்டா. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன். புத்திமதியெல்லாம் வேண்டாம். சும்மா அவ பக்கத்துல உக்காரு. எனக்குக் கேக்காதது ஏதாவது உனக்குக் கேக்குதான்னு பாரு.”