அண்ணனின் எண்ணெய்க் குப்பியும் நில்லாத மேசையும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் எழுதியிருக்கும் நல்ல குணங்கள் எல்லாம் உண்மைதான், ஒன்றுகூட மிகையில்லை. ஆனால் அவருடைய ஒரே தங்கை என்ற உரிமையில் நான் வேறொன்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அவர்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஷெட்டில் நிற்கும் மில்லிங் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் அது கூடிக்கொண்டேதான் போகிறது.

அண்ணன் பிறந்தது வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில், எங்கள் சிற்றூரில். அப்பா மரவாடியில் கட்டை அறுக்கும் வேலை செய்தார். அண்ணன் ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார். படிப்பை எப்படியோ முடித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினார். ஷிப்ட் முடிந்தால் ஓ.டி. பார்ப்பார். ஓ.டி. இல்லாத நாளில் யாருக்காவது கதவு, ஜன்னல் மாட்டிக் கொடுப்பார். தண்டலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் பி.காம். படித்தது அந்த உழைப்பில்தான். கான்ட்ராக்ட் முடிந்தது என்று வெளியே அனுப்பினார்கள், திரும்ப எடுத்தார்கள், மறுபடியும் அனுப்பினார்கள். சலித்துப்போய், ஒரகடம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, கம்பெனிகளுக்கு மரப்பெட்டிகளும், பாகங்களை அலுங்காமல் உட்கார வைக்கும் மரத் தாங்கிகளும் செய்யத் தொடங்கினார். கணக்கு வழக்கு என் பொறுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கியிருந்த செல்வம் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணி மதியச் சாப்பாட்டோடு வருவார், சாயங்காலம் வரை பெட்டிகளுக்கு ஆணி அடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

அண்ணனின் கையில் எப்போதும் ஒரு தகரக் குப்பி இருக்கும். மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி. அது இல்லாமல் அவரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுக் கேட் கிரீச்சிட்டால் காபி வருவதற்குள் அதற்கு எண்ணெய் விட்டிருப்பார். என் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அண்ணனைக் காணோம் என்று எல்லோரும் தேடினார்கள். மண்டபத்துச் சமையற்கட்டின் கதவு சத்தம் போடுகிறது என்று அங்கே நாற்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விட்டால் எதுவும் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. முட்டிவலிக்கும் எண்ணெய், தலைவலிக்கும் எண்ணெய். நாங்கள் கேலி செய்வோம், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இனி அந்த மெஷினுக்கு வருகிறேன். அம்பத்தூரில் மூடிக்கொண்டிருந்த ஒரு பட்டறையிலிருந்து, மரத்தைக் குடையும் பழைய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். அதன் மேசை வட்டமானது, பலகையை மேலே மாட்டிவிட்டுக் கையால் சுற்றலாம். வட்டமாகக் குடைய வேண்டிய வேலைக்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் எங்களுக்கு வந்த வேலை எல்லாம் நேர்வேலை. நீளமான இரும்புத் தண்டுகள் படுப்பதற்கு மரத் தாங்கியில் நேரான பள்ளம் வேண்டும். அதற்கு அந்த மேசை சுற்றாமல் அசையாமல் நிற்க வேண்டும். நிறுத்துவதற்குப் பக்கத்தில் ஒரு லாக் உண்டு. கைப்பிடியைத் திருகினால் உள்ளேயிருந்து ஒரு சின்ன ஃபைபர் கட்டை மேசையின் விளிம்பைப் போய் அழுத்தும். அழுத்தி நிறுத்த வேண்டும். நிறுத்தாது.

கட்டர் மரத்துக்குள் இறங்கியதும் மேசை ஒரு மயிரிழை நகரும். மரத்தில் கணு வந்தால் இன்னும் கொஞ்சம் நகரும். பள்ளம் இந்த முனையில் விளிம்புக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த முனையில் அவ்வளவு இருக்காது. தண்டை வைத்தால் ஆடும். கம்பெனிக்காரர்கள் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். வேலை கொடுத்துக்கொண்டிருந்த இடங்கள் ஒவ்வொன்றாக நழுவின. திரும்பி வந்த தாங்கிகளை அண்ணி விறகுக்கு அடுக்குவார்.

எல்லாம் செய்து பார்த்தோம். மேசையையும் அடித்தளத்தையும் சேர்த்து சி-கிளாம்ப் போட்டோம், அது கட்டர் போகிற வழியில் வந்து இடித்தது. இடுக்கில் ஆப்பு அடித்தோம், மெஷின் அதிர்கிற அதிர்வில் ஆப்பு கழன்று காலில் விழுந்தது. மேசையைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றால், அதற்குக் கீழே பலகை மாட்ட இடமே இல்லை. துளை போட்டு இரும்பு முளை அடித்து ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். நாளைக்கே வட்ட வேலை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அந்த நாளை வரவேயில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். குப்பியை எடுத்து லாக்கின் திருகில் எண்ணெய் விடுவார்.

"மெஷினு இன்னா கேக்குதுன்னு பாரு பாப்பா. திருகு ஏறாம முரண்டு புடிக்குது. கொஞ்சம் எண்ண வுட்டா இன்னும் ஒரு சுத்து ஏறும், கப்புனு புடிச்சிக்கும்."

திருகு என்னவோ ஏறியது, மேசைதான் நிற்கவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் விட்டார். ஆயுத பூஜை வந்தால் கேட்கவே வேண்டாம். மெஷினை மூலை முடுக்கெல்லாம் துடைத்து, எண்ணெயில் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதியை லாக்கின் கைப்பிடிக்கு என்று தனியாகப் பூசுவார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பூஜை முடிந்த மறுவாரம் மேசை வழக்கத்தைவிட மோசமாக நழுவும். ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கடைசி நாட்களைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆடி மாதம் அவருக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்தது. பலகை தூக்கியதில் வந்திருக்கும் என்றார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று அண்ணி கெஞ்சினார், நான் போனில் கத்தினேன். அவர் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். மறுநாளும் தைலம் தேய்த்துக்கொண்டுதான் போனார். மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார் என்று செல்வம் என்னைக் கூப்பிட்டபோது நான் பஸ்ஸில் இருந்தேன். ஹைவேயில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் சட்டையில் தைல வாசனை இருந்தது. இன்றைக்கும் அந்த வாசனை எங்கேயாவது வந்தால் எனக்கு அழுகை வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

காரியம் முடிந்ததும் ஷெட்டைப் பூட்டினோம். செல்வம் வேறு இடத்தில் வேலைக்குப் போய்விட்டார். அண்ணிக்கு வேறு வருமானம் இல்லை, அவர்கள் பெண் பள்ளியில் படிக்கிறாள். எங்கள் தாய்மாமா நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஷெட்டை ஒப்படைத்துவிட்டு மெஷினை எடைக்குப் போட்டுவிடலாம் என்று. அண்ணி கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போகலாம் என்று அதற்கும் ஆள் பார்த்து வைத்திருந்தார். அண்ணி சாவியைக் கொடுக்கவில்லை. துக்க வருடம் என்பதால் வீட்டில் பண்டிகை எதுவும் இல்லை. ஆயுத பூஜையன்று ஊரெல்லாம் பூசணிக்காய் உடைத்தபோது எங்கள் ஷெட் திறக்கப்படவே இல்லை.

சித்திரையில், முன்பு எங்கள் தாங்கிகளைத் திருப்பி அனுப்பிய ஒரு கம்பெனியிலிருந்தே எனக்கு போன் வந்தது. அண்ணன் மறைந்த செய்தி அவர்களுக்குத் தெரியாது. அண்ணனைக் கேட்டார்கள். சொன்னேன். நீங்கள் செய்து தருவீர்களா, மாதிரிக்கு ஒன்று நேராக வந்தால் தொடர்ந்து தருகிறோம், வரவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள் என்றார் அந்த மனிதர். மாமாவிடம் சொன்னோம். அதையும் செய்து பாருங்கள், வளைந்து வந்தால் மறுநாளே வண்டியோடு வருகிறேன் என்றார். அண்ணி தலையாட்டினார். இத்தனை வருடம் அண்ணன் இருந்தே நிற்காத மேசை, எங்களுக்கா நிற்கப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

செல்வம் லீவு போட்டுவிட்டு வந்தார். மெஷின்மேல் மரத்தூள் அப்பிக் கிடந்தது, தகரக்கூரையின் சூட்டில் ஷெட்டே வறண்டுபோயிருந்தது. குப்பி ஆணியில் தொங்கியது, உள்ளே சொட்டு இல்லை. எண்ணெய் இல்லாவிட்டால் போகிறது, லாக்கை அப்படியே திருகிப் பார்ப்போம் என்றேன். செல்வம் கைப்பிடியில் தொங்கி, பல்லைக் கடித்துத் திருகினார். அரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை. போச்சு என்று நினைத்தேன். பிறகு மேசையைத் தள்ளிப் பார்த்தார். என்னையும் தள்ளச் சொன்னார்.

"எக்கா, டேபிள் அசைய மாட்டேங்கு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏதோ துரு பிடித்திருக்கிறது, கட்டர் இறங்கினால் நகரும் என்றேன். ஒரு கழிவுப் பலகையை மாட்டிக் குடைந்தோம். முனையில் மட்டும் இம்மி நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். அப்புறம்தான் லாக்கைக் கழற்றினோம். அந்த ஃபைபர் கட்டை கையில் வந்தது. மேசையை அழுத்தும் முகத்தில் ஒரு பக்கம் வருடக்கணக்கான எண்ணெய் கறுப்பாகப் பாகுபோல ஊறிக் கிடந்தது. மறுபக்கம், மரத்தூள் ஒட்டி எண்ணெயை உறிஞ்சிக்கொண்ட இடம், வெளுத்துக் காய்ந்திருந்தது. இந்தக் கட்டையின் வேலையும் பிரேக்கின் வேலைதான் என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியில் பிரேக் ஷூவுக்கு யாராவது எண்ணெய் விடுவார்களா? மழையில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் அதைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து மாட்டுகிறவர்தான் எங்கள் அண்ணன். எத்தனை பேருடைய வண்டிக்குச் செய்து கொடுத்திருக்கிறார். அதையே இந்த மெஷினுக்குச் செய்ய அவருக்குத் தோன்றவில்லை. திருகு இறுகினால் மேசை நிற்கும் என்று நினைத்தார். திருகு வழுக்கிக்கொண்டு ஏறியதுபோலவே மேசையும் வழுக்கியது.

கட்டையைப் பெட்ரோலில் கழுவினோம், தேய்த்தோம், வாசலில் வெயிலில் காயவைத்தோம். மேசையின் விளிம்பையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தோம். பிறகு கம்பெனிக்கான பலகையை மாட்டி லாக்கைத் திருகினோம். கணு வரும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். செல்வம் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரண்டு முனையும் ஒன்றுபோல் இருந்தன. அண்ணி இரும்புத் தண்டை எடுத்துப் பள்ளத்தில் வைத்தார், விரலால் தட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

"இத அவுரு பாக்காம பூட்டாரே," என்றார் அண்ணி. அதற்குமேல் அன்று யாரும் வேலை செய்யவில்லை.

இதுதான் என் கோபம். வழி எங்கோ வெளியூரில் இல்லை, அவர் கையை எடுத்திருந்தால் போதும். ஒரு ஆயுத பூஜைக்கு அவர் சோம்பேறியாக இருந்திருந்தால் மேசை அப்போதே நின்றிருக்கும். திரும்பி வந்த அத்தனை தாங்கிகளையும் அடுப்பில் பார்த்த மனிதர், ஒரே ஒரு நேர்ப்பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் கட்டை காய்வதற்கு அவர் போக வேண்டியிருந்தது என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

மாதிரி தேறியது. ஷெட் இப்போது நடக்கிறது, அண்ணிதான் முதலாளி. அந்தக் கடைசிக் காலையில் ஓடிவந்து வண்டி பிடித்த பக்கத்து ஷெட்டுக்காரர்களுக்கும், காரியம் முடியும் வரை வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருவாருக்கும், பழைய வேலையை விட்டுவிட்டு மறுபடி எங்களிடமே வந்த செல்வத்துக்கும், வண்டி கொண்டு வருகிறேன் என்று சொல்லி, அதே வண்டியில் எங்கள் முதல் லோடை ஏற்றிச் சென்ற மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனுக்காக ஒரு நிமிடம் கண்கலங்கிய எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

வருகிற ஆயுத பூஜைக்கு ஷெட்டுக்கு அவசியம் வாருங்கள். சந்தனம் வையுங்கள், பொரி அள்ளிக்கொள்ளுங்கள். அண்ணன் படத்துக்குக் கீழே அவருடைய குப்பி எண்ணெயோடு தொங்கும். அவர் நினைவாக ஒரு சொட்டு விடலாமே என்று உங்களில் யாருக்காவது கை பரபரக்கும், நம் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா? கதவுக்கு விடுங்கள், கேட்டுக்கு விடுங்கள். அந்த லாக்கின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அண்ணனே வந்து கேட்டாலும் நான் விடமாட்டேன். வந்து கேட்கட்டுமே.