வஜ்ஜிரம் காய்ச்சிய நாள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். கையெழுத்து கோணல். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறந்துபோகிறது. “அப்பா கையால கிட்டார் செஞ்சாரே, அதை எழுதி வைம்மா” என்று என் மகள் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. மரத்தைப் பற்றி எழுதுவேன் என்று அவள் நினைத்திருப்பாள். அதையும் எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு நாள்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாயால் சொல்ல இப்போதும் முடியாது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். ஸ்ரீராம்புரத்தில் ஒரு வடாராவில் குடியிருந்தோம். நடுவில் முற்றம், சுற்றி எட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். அதைத்தான் பெங்களூரில் வடாரா என்பார்கள். வீட்டுச் சொந்தக்காரம்மாள் முன்கட்டில் இருந்தார். எங்களைப் போலவே சைவம், மெட்ராஸிலிருந்து வந்தவர். குப்பைத் தொட்டியில் ஒரு முட்டை ஓடு கிடந்தாலும் எட்டு வீட்டையும் கூப்பிட்டு விசாரிப்பார். எனக்கு அவரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாகவே நான் பேசுவது பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்காது. அவர் முன்னால் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவேன்.

என் கணவர் மில்லில் ஃபிட்டர். அந்தக் காலத்தில் கண்டோன்மென்ட்டில் ஊரைவிட்டுப் போகிற வெள்ளைக்காரர்களின் சாமான்களை ஏலம் விடுவார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர் முதுகு உடைந்த கிட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“உள்ள பாரேன். ஒரு வீடு மாதிரி இருக்கு. உத்தரம், குறுக்குச் சட்டம் எல்லாம் போட்டிருக்கான்.”

அவருக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த உடைந்ததைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் செய்தித்தாளில் வைத்துக் கோடு இழுத்து, அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்யப் போகிறேன் என்று உட்கார்ந்தார். முதுகுக்கும் பக்கத்துக்கும் பழைய கட்டிலின் ஈட்டிமரத் தலைமாடு. முன்பலகைக்கு அதே ஏலக் கடையில் உடைந்து கிடந்த பியானோவின் உள்பலகை. குழாயடியில் எல்லாரும் கேலி செய்தார்கள். “ஏன் சார், பொட்டி எப்ப பாடும்?” என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்பார். “அது அடை காக்குது, பொரிஞ்சதும் சொல்றேன்” என்பார் இவர்.

எனக்கு வெட்கமாக இருக்கும். மற்றவர் வீட்டு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை படுத்துத் தூங்குவார்கள், பஜனைக்குப் போவார்கள். இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் மரத்தூளாக உட்கார்ந்திருப்பார். ஆனாலும் நானும் அதில் சேர்ந்துகொண்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும். பக்கப் பலகையை வளைப்பதுதான் அதில் கஷ்டம். ஒரு இரும்புக் குழாய்க்குள் கரி நெருப்புப் போட்டு, நனைத்த பலகையை அதன்மேல் அழுத்தி வளைக்க வேண்டும். சூடு குறைந்தால் வளையாது, கூடினால் கருகும். அவர் மூன்று பலகையை உடைத்தார். நான்காவது தடவை நான் பொறுக்காமல், தோசைக்கல்லில் தெளிப்பதுபோல் அந்த இரும்புக் குழாய்மேல் கையால் தண்ணீர் தெளித்தேன். தண்ணீர் உருண்டு குதித்தது. “இப்போ வைங்க” என்றேன். வளைந்தது. அன்றிலிருந்து சூடு பார்ப்பது என் வேலை. இதை வெளியில் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

வஜ்ஜிரம் காய்ச்சுவதும் என் வேலைதான். தச்சர்கள் மரத்தை ஒட்டுகிற பசைக்கு வஜ்ஜிரம் என்று பேர். கடலைமிட்டாய் நிறத்தில் பாளம் பாளமாக விற்பார்கள். முதல் நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் டப்பாவோடு கொதிக்கிற தண்ணீரில் இறக்கி வைத்து உருக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் தடவி ஒட்டிவிட வேண்டும், அதனால் அவர் மில்லிலிருந்து வரும்போது தயாராக இருக்க வேண்டும். ஒட்டிய பிறகு அழுத்தம் கொடுக்கச் சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டிச் சுற்றுவோம். மேலே அம்மிக் குழவியை வைப்போம்.

அந்தப் பசை எதில் செய்வது என்று முதலில் எனக்குத் தெரியாது. நாற்றம் தாங்காமல் ஒரு நாள் கேட்டேன். கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“மாட்டுத் தோல், எலும்பு, அதெல்லாம் காய்ச்சி எடுக்கிறது.”

“ஐயோ, சாமி படம் இருக்கிற வீட்லயா?”

“ஒட்டினப்புறம் அதுவும் மரம்தான். நம்ம பீரோவை எதால ஒட்டியிருக்கான்னு நெனக்கிற?”

பின்பக்கம் ஒரு கரி அடுப்பைத் தனியாக வைத்துக்கொண்டேன். காய்ச்சி முடித்ததும் தலைக்குக் குளிப்பேன். வெளியே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

வடாராவில் வாசலை ஒட்டிய கோடி அறையில் ஒரு நர்ஸம்மா தனியாக இருந்தார். கோலார் தங்கவயல்காரர், கிறிஸ்தவர், என் வயதுதான் இருக்கும். புலால் சமைக்க மாட்டேன் என்று சொந்தக்காரம்மாவிடம் வாக்குக் கொடுத்துத்தான் அந்த அறைக்கு வந்திருந்தார். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்தக் காலத்தில் யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். ஆசுபத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் அந்த ஒன்றுதான் கிடைத்தது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். முட்டைகூட ஆசுபத்திரியிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார். வாக்கை அப்படிக் காப்பாற்றினார்.

அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும். முதல் கிட்டாரைக் கம்பி கட்டி முடித்ததும் என் கணவர் அவரைத்தான் கூப்பிட்டார். அந்தம்மா காதை வைத்துச் சுருதி சேர்த்தார், இரண்டு தரம் மீட்டினார், சிரித்துவிட்டார்.

“அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அரிசி டின்னைத் தட்டுன மாதிரி இருக்கு.”

இவரும் சிரித்தார். அந்தம்மா முன்பலகையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே இருக்கிற சட்டம் கனம் அதிகம், பலகை மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது என்றார். இவர் இரண்டாவதை ஆரம்பித்தார். சட்டத்தை ஒவ்வொரு சீவலாகக் குறைப்பார், அந்தம்மா தட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்ணா” என்பார். அந்த நாட்களில் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து போகிறவர். வஜ்ஜிர டப்பாவைப் பார்த்திருக்கிறார், மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் கேலி செய்திருக்கிறார். “அக்கா, எங்க பிணவறை தேவலாம்” என்பார். என்னோடு அப்படிச் சிரித்துப் பேசிய வேறு பெண் அந்த வடாராவில் கிடையாது.

இரண்டாவது கிட்டாரின் முன்பலகையை ஒட்ட வேண்டிய நாள் அது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலையிலேயே உருக்கி வைத்தால் சாயங்காலம் சூடு மட்டும் காட்டினால் போதும் என்று, டப்பாவை அடுப்பில் இறக்கி வைத்துவிட்டுக் குடத்தோடு குழாயடிக்குப் போனேன். காற்று பின்பக்கமிருந்து முற்றத்துக்கு அடித்தது. டப்பாவை மூட மறந்துவிட்டேன். சொந்தக்காரம்மாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு முன்கட்டிலிருந்து இறங்கி வந்தார்.

“ஏம்மா, என்ன நாத்தம் இது? குடலைப் பிடுங்குது!”

பொய் சொல்ல வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன். “வஜ்ஜிரம்மா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கண்ணை அகல விரித்தார்.

“வஞ்சிரமா? நீயும் அப்படித்தான் நெனச்சியா? நானும் மீன்னுதான் நெனச்சேன்! மெட்ராஸ்ல எதிர்வீட்ல இதைத்தான் வறுப்பாங்க, எனக்குத் தெரியாதா?”

நான் வஜ்ஜிரம் அம்மா என்று சொன்னதை, வஞ்சிர மீனோ என்று நான் சந்தேகப்பட்டுக் கேட்பதாக எடுத்துக்கொண்டுவிட்டார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் அவர் வாசல் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

“அந்தக் கோடி ரூம்தானே?”

அப்போது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மீன் இல்லை, எங்கள் வீட்டுப் பசை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பசை எதில் செய்தது என்று அடுத்த கேள்வி வரும். மீனைவிடப் பெரிய பாவத்தை அடுப்பில் வைத்துவிட்டல்லவா நான் நின்றுகொண்டிருந்தேன். எங்களைக் காலி செய்யச் சொல்வார், ஜாதிக்காரர் எல்லாருக்கும் தெரிந்துபோகும், என் மாமனார் காதுக்குப் போகும். இதெல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. நான் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலையை ஆட்டினேனா இல்லையா என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். ஆட்டினேன்.

நர்ஸம்மா ராத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் வாசலில் நுழைந்தார். கையில் நனைந்த குடை. சொந்தக்காரம்மாள் பிடித்துக்கொண்டார்.

“கிறிஸ்தவப் பொண்ணுன்னாலும் சொன்ன சொல்லைக் காப்பாத்துவேன்னு நம்பி விட்டேனே! மீனைக் கொண்டுவந்து பொங்குறியா?”

“நான் இப்பத்தாம்மா வர்றேன். ரூம் பூட்டியிருக்கு. வாங்க, வந்து பாருங்க.”

“நேத்துச் சமைச்சு மூடி வச்சிருப்பே. அந்த ரூமுக்குள்ள நான் கால் வைப்பேனா?”

எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள், “ஹௌது, நனகூ வாசனே பந்து” என்று தனக்கும் வாடை வந்ததாகச் சேர்ந்துகொண்டார். நர்ஸம்மா மூக்கால் ஒரு தரம் இழுத்தார். அந்த நாற்றம் அவருக்குத் தெரியாததா? நேராக என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, நீங்களே சொல்லுங்க. இது மீன் வாடையா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்குச் சளி. மூக்கு அடைச்சிருக்கு. ஒண்ணும் தெரியல” என்றேன்.

அந்த ஒரு தடவை மட்டும் என் குரல் நன்றாகக் கேட்டது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாரும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஓடியிருப்பார்கள். சொல்லவில்லை. குடையை உதறி மடக்கினார். “சரிங்கம்மா, காலி பண்ணிடறேன்” என்றார்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் முன்பலகையை ஒட்டினோம். நான் டியூபை இழுத்துப் பிடித்தேன், அவர் சுற்றினார். குழாயடியில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“அந்தம்மா மீன் சமைச்சாங்களாமே? இருக்காதே. நீ எதாவது பாத்தியா?”

“எனக்கென்ன தெரியும். கெட்டியா பிடிங்க, நழுவுது” என்றேன்.

போகிற அன்று அந்தம்மா என்னிடம் வாங்கியிருந்த மாவுச் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சல்லடையை என் கையில் வைத்துவிட்டு, மெதுவாக, மற்றவருக்குக் கேட்காமல் சொன்னார். “அக்கா, அடுத்த தடவை டப்பாவுக்கு ஒரு தட்டு போட்டு மூடுங்க. காத்து இப்படித்தான் அடிக்குது.”

குத்திக்காட்டினாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். எங்கே போகிறீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாக ஜட்கா வண்டியில் ஏறினார். ஜன்னல் சந்து வழியாகப் பார்த்தேன்.

இரண்டாவது கிட்டார் நன்றாக வந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். பிறகு அவர் இன்னும் ஏழெட்டுச் செய்தார். ஒவ்வொன்றையும் முடித்ததும் பலகையை விரலால் தட்டிப் பார்த்து, “அந்தம்மா இருந்தா சரியா சொல்லியிருக்கும்” என்பார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். ஒரு தரம் ஆசுபத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார், வேலையை விட்டுவிட்டுத் தங்கவயலுக்கே போய்விட்டதாகச் சொன்னார்களாம். “நல்ல வேலையை எதுக்கு விட்டாங்க?” என்று என்னிடம் கேட்டார். தங்குவதற்கு இடம் கிடைத்திருக்காது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. என் கணவரை யாராவது புகழ்ந்து, கூட நீங்களும் உதவி செய்தீர்களாமே என்று என்னைக் கேட்டால், தலையைக் குனிந்துகொள்கிறேன், அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். பசையைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. குழாயடியில் நடந்தது புதன்கிழமை என்று எனக்கு நன்றாக ஞாபகம். அந்தம்மா காலி செய்தது மறுநாளா, ஞாயிற்றுக்கிழமையா என்பதுதான் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாளின் மகள் இப்போது மல்லேஸ்வரத்தில் இருக்கிறாளாம், அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். யாராவது போனால் அவளைக் கேட்டுப் பாருங்கள். மறுநாள் என்றால் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நாள்தான் இருந்தது. ஞாயிறு என்றால் நான்கு நாள், நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.