ஐம்பத்தெட்டுத் தட்டு சூப்

அன்று ஐம்பத்தெட்டுப் பேருக்குச் சாப்பாடு. தட்டுகளை இரண்டு தரம் எண்ணி அடுக்கினேன்.

சுவிஸில், அல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றின் ஒரே ஹோட்டலில் பதினொரு வருடம் குக்காக இருந்தேன். ஒரு காலத்தில் அறுநூறு பேர் வாழ்ந்த ஊராம். பனிச்சரிவு ஒரு தெருவையே கொண்டுபோனது. மிச்சம் இருந்த இளையவர்கள் வேலை தேடி மலை இறங்கினார்கள். என் குடும்பத்தில் ஐந்து பேரையும் சேர்த்தால் நூற்று நாற்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் எட்டுப் பிள்ளைகள், மூன்று பேர் எங்கள் பிள்ளைகள். ஆறுக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள்.

"இவன்ர பிள்ளையளாலைதான் எங்கட பள்ளிக்கூடம் ஓடுது" என்று ஹோட்டல் முதலாளி, அந்த ஊர் வெள்ளைக்காரர், வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் என்னைக் காட்டித் தன் மொழியில் சொல்வார்.

அங்கே குடியுரிமைக்கு முதலில் ஊர் சம்மதிக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் கை உயர்த்தி முடிவெடுப்பார்கள். எங்கள் விண்ணப்பம் வந்த கூட்டம் எங்கள் ஹோட்டல் மண்டபத்திலேயே நடந்தது. விண்ணப்பித்தவன் உள்ளே இருக்கக் கூடாது. கூட்டம் முடிந்ததும் சாப்பாடு, சமைக்கிறவனும் நான்தான்.

கிச்சனிலிருந்து தட்டு நீட்டும் ஜன்னல் வழியே பார்த்தேன். ஆதரவாக இருபத்தாறு கை. எதிராக முப்பத்தொன்று. ஒரு கையைக் காணோம். முதலாளி குனிந்து நாப்கின் மடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மேசையில் இருந்த ஆறு பேரும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் எதிராகக் கை தூக்கினார்கள்.

பிறகு உள்ளே வந்தார். "இந்த முறை சரிவரேல்லை. சூப்பை அனுப்பு, ஆறப்போகுது."

அனுப்பினேன். ஐம்பத்தெட்டுத் தட்டும் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தன.

வீட்டில் மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோப்பா, சூப்பிலை உப்புக் குறைஞ்சு போச்சோ?" சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அந்தக் கோடையே நகரத்துக்கு இறங்கினோம். அங்கே குடியுரிமைக்கு வேண்டிய வருடங்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணி, பாஸ்போர்ட் எடுத்து, லண்டன் வந்தோம்.

போன மாதம் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பழைய முதலாளி போன் எடுத்தார்.

"ஊரிலை இப்ப எண்பத்தெட்டுப் பேர்தான். நீ போன வருசமே பள்ளிக்கூடத்தை மூடிப்போட்டாங்கள். நீங்கள் இருந்திருந்தால்..."

"அண்டைக்கு நீங்கள் ஏன் கை தூக்கேல்லை?"

"அவையள் எல்லாரும் என்ர கஸ்டமர்மார். என்னாலை என்ன செய்ய ஏலும்?"

வேலைக்குப் போகும் இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலாளி நாலு பேருக்கு முன்னால் உங்களைப் புகழ்ந்தால் மயங்காதீர்கள். உங்களுக்காக ஒரு கை தேவைப்படும் நாளில் அவருடைய கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் பதினொரு வருடம் தட்டுகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்.