ஒரே ஒரு அமுக்கு

விசில்காரர் ஒரு இடத்தில் உட்கார மாட்டார் என்பது அவரைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்காருகிற மனுஷன். பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருஷம் கடிகாரம் பார்த்து, விசில் ஊதி, வண்டிகளைக் கிளப்பிவிட்டவர். நின்று நின்று கால் அப்படிப் பழகிவிட்டது என்று அவரே சொல்வார். நம்பாதீர்கள். அதே டெப்போவில் அதே வேலை பார்த்த மற்றவர்கள் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் துண்டை மடித்துப் போட்டு, சொகுசாக உட்கார்ந்துதான் ஊதினார்கள். இவருக்கு இருப்புக் கொள்ளாமல் போனதற்குக் காரணமே வேறு.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் டிவியில் மல்யுத்தம். நகராட்சி உள்ளரங்கத்தில் பலகை அடித்து மேடை போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி, மேலே பெரிய விளக்குகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு போர்க்களம். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாரும் நம்மைப் போல வேலைக்குப் போகிற ஆட்கள்தான். ‘சூறாவளி’ என்று சொல்லிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறவர் பகலில் ஒரு கிளினிக்கில் கம்பவுண்டர்; குழந்தைக்கு ஊசி போட்டால் குழந்தைக்கு முன்னால் இவர் கண் கலங்கும். ‘முதலை’ ஐஸ் பேக்டரியில் பாளம் தூக்குகிறவர். நடுவர் நம் விசில்காரர். சொந்தமாக ஒரு விசில் வைத்திருந்தார் என்பதைத் தவிர அந்த வேலைக்கு அவருக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது.

யார் ஜெயிப்பது, எத்தனையாவது நிமிஷம் யார் விழுவது, எல்லாம் உடை மாற்றுகிற அறையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். ஜனங்களுக்கும் அரசல்புரசலாகத் தெரியும், தெரிந்தும் கத்துவார்கள். ஆனால் விழுவது நிஜம். பலகையும் நிஜம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யாராவது கீழே மாட்டிக்கொண்டு கிடந்தால் நடுவர் மண்டியிட்டுக் குனிந்து, தோற்றுவிட்டானா என்று பார்க்கிற மாதிரி அவன் கைக்குள் தன் விரலைக் கொடுப்பார். அவன் ஒரு அமுக்கு அமுக்கினால், நான் நன்றாக இருக்கிறேன், ஆட்டம் நடக்கட்டும் என்று அர்த்தம். அமுக்கவில்லை என்றால் நிஜமாகவே அடிபட்டிருக்கிறது. விசிலைக் கழற்றிக் கயிற்றுக்கு வெளியே எறிந்துவிட வேண்டும். மறுநிமிஷம் எல்லாம் நின்றுவிடும். இரண்டு வருஷத்தில் விசில்காரர் நாலு தடவை எறிந்திருக்கிறார். நாலு தடவையும் சரியாகத்தான் எறிந்தார்.

ஐந்தாவது தடவை எறிந்திருக்க வேண்டிய இடத்தில்தான் கோட்டை விட்டார். அன்றைக்கு முதலையைச் சூறாவளி குப்புறப் போட்டுக் கையோடு கை, காலோடு கால் பின்னிக்கொண்டு கிடந்தார். அந்தப் பிடிக்கு ‘கயிறு முடிச்சு’ என்று பெயர். விழும்போதே ‘மடக்’கென்று ஒரு சத்தம் வந்தது. பலகைச் சத்தமா, ஆள் சத்தமா என்று தெரியவில்லை. விசில்காரர் மண்டியிட்டு, அந்த முடிச்சுக்குள் கையைவிட்டு, அகப்பட்ட கைக்குள் விரலைக் கொடுத்தார். அது நன்றாக ஒரு அமுக்கு அமுக்கியது. அப்பாடா என்று எழுந்து கையை வீசி ஆட்டத்தை நடத்தினார். பேசி வைத்தபடி நாலு நிமிஷம் கழித்துச் சூறாவளி கயிற்றின் மேல் ஏறி முதலையின் முதுகில் குதித்தார். ஜனம் விசிலடித்தது. முதலை எழுந்திருக்கவே இல்லை.

கழுத்தில் நரம்பு போயிருந்தது. முதலில் விழுந்தபோதே அடிபட்டிருக்கிறது, அப்போதே நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி நடைபாதையில் முதலையின் மனைவி, ஏழு மாசக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, விசில்காரரிடம் வந்து, நீங்கள் விரல் கொடுத்துக் கேட்கவில்லையா அண்ணே என்றார். “கேட்டேம்மா. அமுக்கினான்,” என்றார் இவர். சத்தியமாக அப்போது அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதை இங்கே சொல்லாவிட்டால் பாவம்.

மூன்றாம் நாள் சூறாவளி டெப்போவுக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நிற்கிற வண்டிக்குப் பின்னால் இவரை இழுத்துக்கொண்டு போய், மெதுவாகத்தான் கேட்டார். அன்றைக்கு எதற்காக என் கையைப் பிடித்தாய்? நானும் என்னைத்தான் கேட்கிறாயாக்கும் என்று அமுக்கிவிட்டேனே. விசில்காரர் ஏழே கால் வண்டியைக் கிளப்ப மறந்து நின்றார்; டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளைக்குப் போனால் முதலைக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் போனால் சொந்தக்காரர்கள் கூட்டம். அதற்கடுத்த வாரம் போனபோது முதலையே, நான்தானாமே அமுக்கினது, எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லையே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவர், வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். பிறகு எப்போதுமே அந்த வீட்டில் அது வெளியே வரவில்லை. சூறாவளியும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்த விஷயம் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

முதலைக்கு இடது கை விளங்காமல் போய்விட்டது. பாளம் தூக்கின அதே பேக்டரியில் கேட்டில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களிடம் அவர் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்: கழுத்து முறிந்த பிறகும் ஆட்டம் நடக்கட்டும் என்று அமுக்கின கை இது. வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. காலையில் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடும்போது, சாப்பாட்டைப் பிசைந்து வைக்கும்போது, மழைக்காலத்தில் அந்தக் கை குடைகிறபோது மனைவி ஆரம்பித்துவிடுவார். “ஒரே ஒரு அமுக்கு. அதை அமுக்காம இருந்திருந்தா நான் இப்படி லோல்படுவேனா? வீம்பு. உங்க வீம்புக்கு நானும் என் பொண்ணும் கிடந்து சாகிறோம்.” முதலை தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பட்டனுக்காக நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார். விசில்காரர் மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்த வீட்டுக்குப் போவார். போகும்போதெல்லாம் இது காதில் விழும். ஒருநாள்கூட அங்கே உட்கார்ந்தது கிடையாது. கதவில் சாய்ந்தபடி டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். என்ன வேலை, மண்ணாங்கட்டி வேலை. நேராகத் தெருமுனைக்குப் போய் அங்கே பத்து நிமிஷம் நிற்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் போன திங்கட்கிழமை போன் வந்தது. பேசியது முதலையின் மகள், ஆஸ்பத்திரியில் தோளில் கிடந்த அந்தக் குழந்தை. அந்தக் காலத்தில் யாரோ ஒருத்தர் சனிக்கிழமை மல்யுத்தத்தை வீட்டில் கேசட்டில் பதிந்து வைத்திருந்தாராம். இவளுடைய கணவர் தேடிப் பிடித்துப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். அந்தக் கடைசி ஆட்டமும் முழுசாக இருக்கிறதாம். நாங்கள் யாரும் இன்னும் பார்க்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம், மாமா இல்லாமல் போடவே கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார் என்றாள். வருகிறேன் என்றார் விசில்காரர். 

அந்த வாரம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றினார். ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்திக் கழற்றித் துடைத்தார். துடைத்த மறுநாள் மறுபடி கழற்றினார். பால் வாங்கப் போனவர் தயிரோடு வந்தார். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று தெரியும், இப்போது மோட்டாரும் வைத்துவிட்டார்களா என்று கேட்டார். சிரிக்கவில்லை இவர். ஒரு நேரம், படத்தில் எல்லாம் தெரிந்துவிடும், அதற்கு முன்னால் ஓடிப்போய் நாமே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும், செருப்பை மாட்டிக்கொள்வார். மறு நேரம், பழைய கேசட், பூஞ்சணம் பிடித்திருக்கும், ஒன்றும் தெரியாது என்று தோன்றும், செருப்பைக் கழற்றிவிடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் ஆறு தடவை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனபோது முதலை இஸ்திரி போட்ட சட்டையில் டிவிக்கு எதிரே தயாராக இருந்தார். மருமகன் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தார். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். விசில்காரர் வழக்கம்போல் கதவில் சாய்ந்துகொண்டார். முதலையின் மனைவி சமையலறை வாசலில், கையை முந்தானையில் துடைத்தபடி, எனக்கென்ன என்பது போல நின்றார். அவரும் அந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. கணவன் அடி வாங்குவதை யார் பார்ப்பார்கள்?

படம் ஓடியது. கோடுகோடாக, பச்சையும் ஊதாவுமாக. நடுவில் ஒரு சோப்பு விளம்பரம்கூட வந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் மின்ன முதலை மேடை ஏறினபோது மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் அப்பா இரண்டு கையையும் தூக்கி அவள் பார்த்ததே இல்லை. முதலை குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பிடிக்கும் பெயர் சொன்னார். சூறாவளி வந்ததும், நல்ல மனுஷன், போய்விட்டான் என்றார். விசில்காரர் கதவின் கொண்டியைத் திருகிக்கொண்டிருந்தார். 

கயிறு முடிச்சு வந்தது. திரையில் ஒல்லியான, முடி நிறைய இருந்த விசில்காரர் ஓடி வந்தார், மண்டியிட்டார், குனிந்தார். அந்த நேரம் பார்த்துக் கேமரா அவர் பின்பக்கம் இருந்தது. கோடு போட்ட சட்டை, முதுகு, முதுகு மட்டும்தான். கைகள் ஒன்றும் தெரியவில்லை. எழுந்தார், கையை வீசினார், ஆட்டம் நடந்தது.

தப்பித்துவிட்டார். அவர் முதுகே அவரை மறைத்துவிட்டது. இருபத்தெட்டு வருஷ பயம், ஒரு வாரத் தவிப்பு, எல்லாம் அவ்வளவுதான். இனிமேல் யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. அவர் கொண்டியை விட்டார். மூச்சும் விட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

முதலை மருமகனிடம் படத்தை நிறுத்தச் சொன்னார். அதோ, அந்த இடத்தில்தான் நான் அமுக்கினேன், விசிலு முதுகு மறைக்கிறது என்று கைகாட்டினார். சமையலறை வாசலிலிருந்து வழக்கமான குரல் வந்தது. சத்தமில்லாமல், அலுத்துப் போய் வந்தது.

“ஆமா, அமுக்கினீங்க. பெரிய சாதனை. அமுக்கிட்டு வந்து என் தலையில உக்காந்தீங்க.”

முதலையின் சிரிப்பு அப்படியே அணைந்தது. தலை குனிந்தது. பட்டன் போட்டுக்கொள்ள நெஞ்சைக் காட்டுவாரே, அந்த மாதிரி நிமிர்ந்தும் நிமிராமலும் உட்கார்ந்திருந்தார். விசில்காரர் அதைப் பார்த்தார். எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் இல்லாமல் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார். அட பாவி, இத்தனை வருஷமும் என் அடியை இவனல்லவா வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று நெஞ்சில் உறைத்தது.

“அவன் அமுக்கலம்மா,” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. மகள், என்ன மாமா என்றாள்.

“நான் புடிச்சது அவன் கை இல்ல. சூறாவளி கை. அவன்தான் அமுக்கினான். மூணாம் நாளே எனக்குத் தெரியும். சொல்லல.”

திரையில் அந்த முதுகு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அடுப்பில் குக்கர் ஒரு தடவை கத்தி ஓய்ந்தது, யாரும் போகவில்லை. முதலை தன் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாரோ என்று விசில்காரர் நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

“அப்ப நான் அமுக்கலையா?” என்றார் முதலை. வழி கேட்கிற ஆள் மாதிரித்தான் கேட்டார்.

“இல்லடா.”

முதலை மெல்லத் திரும்பினார். விசில்காரர் பக்கம் இல்லை, சமையலறைப் பக்கம். அவர் மனைவி நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் என்னமோ ஆகியிருந்தது. கணவனுடைய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலும் அவர் பட்டன் போட்டுவிட்ட சட்டை. பட்டன் போடும்போது அந்த ஒரு அமுக்கைச் சொல்லியும் காட்டியிருந்தார் போலிருக்கிறது. பிறகு அந்த அம்மா, மகள் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியை விசில்காரர் பக்கம் காலால் தள்ளினார். அண்ணே என்று கூப்பிடவில்லை.

“உக்காருங்க,” என்றார்.

விசில்காரர் உட்கார்ந்தார். அந்த வீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தார். முட்டி இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முதலை மனைவியைப் பார்த்தபடியே பேசினார். குரல் உடைந்து போயிருந்தாலும் அதில் இருந்தது சந்தோஷம்தான். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது.

“இன்னொரு தடவ சொல்லு விசிலு. அவளுக்குக் கேக்கட்டும்.”

அந்த அம்மாவுக்கு முதல் தடவையே கேட்டிருந்தது. கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும் விசில்காரர் மறுபடியும், முதலிலிருந்து சொன்னார்.